பானெட்டில் கம்பளி நூல்

காரின் பானெட்டை வெட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன். எங்கள் வீட்டில் நானாக எடுத்த முடிவுகள் குறைவு. எடுத்த அன்றே செத்துப்போனவை அதிகம். இதை மட்டும் விடுவதாக இல்லை.

என்னுடையது டர்போ கார். இன்ஜின் வெளியே தள்ளும் புகையைச் சும்மா போகவிடாமல், அதைக் கொண்டே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றி, இன்ஜினுக்குக் கூடுதல் காற்றை ஊதிக் கொடுக்கிற சாமான்தான் டர்போ. வண்டி பிய்த்துக்கொண்டு போகும். சூடும் அப்படித்தான். ஒரு சுற்றுப் போய் வந்து நிறுத்தினால் பானெட் மேல் கை வைக்க முடியாது. தெருப்பூனை ஒரு தடவை ஏறிப் படுக்கப் பார்த்துவிட்டு, என்னை முறைத்தபடி இறங்கிப் போனது.

பானெட்டில் மீனின் செவுள் மாதிரி துவாரங்கள் வைத்தால் உள்ளே இருக்கும் சூடு வெளியேறிவிடும். அலுவலகத்தின் மதிய இடைவேளைகளில் இதைப் பற்றிய வீடியோக்களாகப் பார்த்து நான் கிட்டத்தட்ட நிபுணனாகியிருந்தேன். என் உத்தியோகம் காகித விற்பனை. அதனாலென்ன?

எதிர்வீட்டு ஏ.சி. மெக்கானிக்கிடம் சொன்னேன். அவரிடம் தகடு வெட்டும் மெஷின் இருந்தது. வெட்டுவதற்குத்தான் ஒன்றும் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார்.

"முன்கண்ணாடிக்குப் பக்கத்துல வெட்டிடலாம் சார். சூடு மேல ஏறி அப்படியே போயிடும். இப்பவே வெட்டவா?"

"வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிடறேன்."

அவர் மெஷினைக் கீழே வைத்துவிட்டார். அவருக்கும் கல்யாணம் ஆகியிருந்தது.

என் மனைவி மருந்துக் கம்பெனி ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். சொட்டு சொட்டாக அளக்கிற வேலை. கார் ஓட்ட லைசென்ஸும் வைத்திருக்கிறாள். ஆனால் இந்தக் காரின் சாவியை அவளிடம் நான் கொடுத்ததே இல்லை. "டர்போ வண்டிக்குத் தனிக் கை வேணும்மா" என்று சொல்லிச் சமாளித்து வந்தேன். அவளும் கம்பெனி வேனில் இடிபட்டுக்கொண்டு போய்வந்தாள்.

அவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"வெட்டுங்களேன்" என்றாள்.

சண்டைக்கென்று நான் தயாராக வைத்திருந்த வாதங்களெல்லாம் வீணாய்ப் போயின.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். ஆனா வெட்டின பிறகு ஒட்ட முடியாது. எந்த இடத்துல வெட்டப் போறீங்க?"

"முன்கண்ணாடிக்குப் பக்கத்துல. சூடு மேல ஏறுமில்ல?"

"வண்டி நின்னா ஏறும். ஓடும்போது எதிர்காத்து கண்ணாடியில மோதி அந்த இடத்துலயே அழுத்துமே? அப்ப உள்ள இருக்குற சூடு வெளிய வருமா, வெளிக்காத்து உள்ள போகுமா?"

அந்த வீடியோவின் பிற்பகுதியை நான் பார்க்கவில்லை. மதிய இடைவேளை முடிந்துவிட்டது.

"சோதிச்சுப் பாத்துட்டு வெட்டுங்க. பானெட் முழுக்கக் கம்பளி நூலைத் துண்டு துண்டா ஒட்டணும், ஒரு முனையை மட்டும். காத்து எங்க அழுத்துது, எங்க உறிஞ்சுதுன்னு அதுவே காட்டிடும். உள்ள ஒரு வெப்பமானியும் வைங்க. இப்ப எவ்வளவு சூடுன்னு தெரிஞ்சாத்தானே, வெட்டின பிறகு குறைஞ்சுதான்னு சொல்ல முடியும்?"

இவ்வளவு நல்ல மனைவியை இத்தனை நாள் தப்பாக நினைத்துவிட்டேனே என்று எனக்கு வருத்தமாகவே போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை சிவப்பு நூலை வெட்டி வெட்டி ஒட்டினோம். இன்ஜின் பக்கத்தில் வெப்பமானியின் முனையைக் கட்டி, எண்ணைக் காட்டும் அதன் பெட்டியை ஸ்டியரிங் அருகில் வைத்தேன். சூடு எல்லை தாண்டினால் அது கீச்கீச்சென்று கத்தும்.

மெக்கானிக் எட்டிப் பார்த்தார். "என்ன சார், வண்டிக்கு முடி முளைச்சிருச்சா?"

ஊருக்கு வெளியே, சிக்னல் விளக்குகள் மட்டும் இருக்கிற காலியான சாலைக்குப் போனோம். வேகம் பிடித்ததும் நூல்கள் உயிர் பெற்றன. முன்வரிசை அப்படியே படுத்துக்கொண்டது. நடுவில் இருந்தவை தலையைத் தூக்கித் துடித்தன. அங்கேதான் காற்று உறிஞ்சுகிறது! கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்தவையோ—

"ரோட்டைப் பாருங்க!" என்று அலறினாள்.

ஒரு குப்பைத்தொட்டி மயிரிழையில் தப்பியது. கூடவே வெப்பமானியும் கத்த ஆரம்பித்தது.

"நீங்க ஓட்டுங்க. நூலை நான் பாத்துச் சொல்றேன்" என்றாள்.

"சரி, சொல்லு. கண்ணாடிக்குப் பக்கத்துல என்ன ஆகுது?"

"ஆடுது."

"எப்படி ஆடுது?"

"நல்லா ஆடுது."

"எந்தப் பக்கமா ஆடுது?"

"காத்தடிக்கிற பக்கமா."

"முன்னாடியா, பின்னாடியா?"

"ஆமா."

மருந்துச் சொட்டில் மயிரளவு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறவள் பேசுகிற பேச்சா இது? அதை அப்போதே யோசித்திருக்க வேண்டும். எனக்குக் கண்ணாடிப் பக்கத்து நூல் என்ன செய்கிறது என்று தெரிந்தாக வேண்டும். வேறெதுவும் தோன்றவில்லை. வண்டியை ஓரங்கட்டினேன்.

"நகரு. நீ ஓட்டு, நான் பாக்கறேன்."

"ஐயோ, தனிக் கை வேணுமேங்க."

"பரவாயில்ல, ஓட்டு!"

இன்ஜின் ஆறட்டும் என்று டீ குடித்துவிட்டுக் கிளம்பினோம். அவள் ஓட்டினாள். கண்ணாடிப் பக்கத்து நூல்கள் எதிர்த்திசையில் சுருண்டு, உள்ளே போக வழி தேடுவதுபோல் தகட்டை முட்டின. அவள் சொன்னதுதான் சரி. அங்கே வெட்டியிருந்தால் சூடு வெளியேறுவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே போயிருக்கும். எனக்குக் கைதட்டத் தோன்றியது.

அப்புறம்தான் கவனித்தேன். வெப்பமானி கத்தவில்லை.

"பேட்டரி போயிருச்சு" என்றேன்.

புது பேட்டரி போட்டோம். மறுபடி டீ. அதே சாலையில் நான் ஓட்டினேன். கத்தியது. மறுபடி டீ. அவள் ஓட்டினாள். வெப்பமானி மூச்சு விடவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக ஆர்வம் வந்தது. நூலை விட்டுவிட்டு அவள் காலைப் பார்க்க ஆரம்பித்தேன். தூரத்தில் சிவப்பு விளக்கைக் கண்டதுமே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறாள். கியரைச் சீக்கிரமே மாற்றுகிறாள். நானோ விளக்குக்கும் விளக்குக்கும் நடுவில் அடிவரை மிதித்து, கடைசி நொடியில் பிரேக் போடுகிறவன். டர்போ இருப்பது ஊதத்தானே!

"ஒரு நாள் சோதனையை வெச்சு ஒண்ணும் சொல்லிட முடியாது" என்றேன் விறைப்பாக.

"கரெக்ட். நிறைய நாள் ஓட்டிப் பாக்கணும்" என்றாள். "வெயில்ல, மழையில, ஆபீஸ் போற நெரிசல்ல."

மறுநாள் முதல் கம்பெனி வேன் எங்கள் தெருவுக்குள் வரவில்லை. என்னைக் காகிதக் கிடங்கின் வாசலில் இறக்கிவிட்டு அவள் தன் வேலைக்குப் போகிறாள். சாயங்காலம் வந்து ஏற்றிக்கொள்கிறாள். வாசலில் காத்து நிற்கும்போது சக ஊழியர்கள் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது.

ஒரு நாள் காலை வண்டி கிளம்பும் நேரத்தில் எதிர்வீட்டு மெக்கானிக் மெஷினோடு ஓடி வந்தார்.

"என்ன தங்கச்சி, பானெட்டை எப்பத்தான் வெட்டுறது?"

"வேண்டாம்ண்ணே. சூடு குறைஞ்சிருச்சு."

"வெட்டாமலேயா! எதை மாத்தினீங்க?"

அவள் பக்கத்து இருக்கையில் இருந்த என்னைக் காட்டினாள்.

"இவரைத்தான்."

வெப்பமானி வாயே திறக்கவில்லை. நான் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டேன்.