காய்ச்சல்காரர் பார்த்துக் கொடுத்த டிராக்டர்

எனக்கு வயது எழுபத்து மூன்று. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்துக்கும் காய்ச்சலைக் கை வைத்துத்தான் பார்த்தேன். ஆனால் டிராக்டருக்குக் காய்ச்சல் பார்க்கிற ஆள் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். பாளையம்பட்டிக்காரர், பழைய மெக்கானிக். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். எல்லோருக்கும் அவர் காய்ச்சல்காரர்.

திருச்சுழிப் பக்கம் எனக்குப் பதினோரு ஏக்கர். புளியும் வேம்புமாக நிற்கிற காடு. ஒரு மழை பெய்தால் புல் இடுப்புக்கு வந்துவிடும். கோடையில் காய்ந்து, ஒரு பீடி நெருப்பு விழுந்தால் போதும், மரத்தோடு போய்விடும். வெட்ட ஆள் கிடைப்பதில்லை.

மூத்தவன் மதுரையிலிருந்து வந்து நின்றான். "ஆடி பொறக்கிறதுக்குள்ள காடு சுத்தமாகலைன்னா, மரத்த வெட்டிட்டு சோலார்க்காரனுக்குக் குத்தகைக்கு விட்டுருவேம்மா."

"என் மரத்த நீ வெட்டுவியா? நான் புல்ல வெட்டுறேன் பாரு" என்றேன்.

மரத்துக்கு நடுவே பெரிய டிராக்டர் புகாது. பின்னால் புல்வெட்டி மாட்டின சின்ன டிராக்டர்தான் வேண்டும். புதுசுக்கு வழியில்லை. அதனால் காய்ச்சல்காரரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதல் வண்டி மல்லாங்கிணற்றில். போனதும் புறங்கையை எஞ்சினில் வைத்தார். "காய்ச்சல் அடிக்குது மதினி. வாங்கக் கூடாது."

"வெயில்ல நிக்குதுய்யா, சுடாதா?" என்றார் வண்டிக்காரர்.

"நானுந்தான் வெயில்ல நிக்கேன். தொட்டுப் பாரு. நாங்க வர்றதுக்கு முன்னாடியே கிளப்பிச் சூடேத்தி வச்சிருக்க. காய்ச்சல் விடட்டும், இருக்கோம்."

இருந்தோம். வேப்பமரத்தடியில், காலையிலிருந்து சாயங்காலம் வரை. காய்ச்சல்காரர் அரைப்படி கடலையைத் தின்று தீர்த்தார். வண்டிக்காரர் வீட்டில் வெட்கப்பட்டுக்கொண்டு எங்களுக்குச் சோறும் போட்டார்கள். பொழுது சாய எஞ்சின் குளிர்ந்தது. சாவியைத் திருப்பினால் மூன்று முறை இருமியது, அப்புறம் மூச்சில்லை. "சோறு நல்லாருந்துச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

இரண்டாவது வண்டியில் நானூறு மணி நேரம்தான் ஓடியதாக மீட்டர் காட்டியது. இவர் மீட்டரைப் பார்க்கவே இல்லை. குனிந்து கிளட்ச் மிதியைத் தடவினார். அதன் வரிகளெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. "நானூறு மணிக்கு மிதி இப்பிடித் தேயுமா? யானையக் கூட்டியாந்து மிதிக்க விட்டீகளா?"

மூன்றாவதுதான் பெரிய கூத்து. அருப்புக்கோட்டையில் ஒரு புரோக்கர். புதுப் பெயின்ட், மாலை, எலுமிச்சம்பழம். முன் அச்சில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். பார்த்ததும் நான் கும்பிட்டுவிட்டேன். காய்ச்சல்காரர் கும்பிடவில்லை. சுற்றிச் சுற்றி வந்தார்.

"மதினி, சாமிக்கு நெத்தியிலதான பொட்டு வைப்பாக. முட்டியில எவன் வச்சான்?"

"பூசை போட்டது. தொட்டா கை வெளங்காது" என்றான் புரோக்கர்.

எத்தனையோ எஞ்சினைப் பிரித்துப் போட்ட மனுஷன், அந்தப் பொட்டுக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். சாமி பயம். என் பதினோரு ஏக்கர் அந்தக் குங்குமத்தில் நின்றது. நான் முந்தானையை எடுத்தேன்.

"ஏம்மா! தாலியில்லாத பொம்பள நீ, குங்குமத்த அழிக்கலாமா?"

"அஞ்சு பிள்ளைக்கு மூக்குத் தொடச்ச முந்தானை இது. உன் சந்தனத்தத் தொடைக்காதா?"

ஒரே இழுப்பு. அடியில் அச்சு உடைந்து வெல்டு வைத்த தழும்பு, பூரான் மாதிரி ஓடியது. காய்ச்சல்காரர் அந்தத் தழும்பைப் பார்த்துத்தான் கும்பிட்டார்.

கடைசியில் திருச்சுழிப் பாதையில் ஒரு தொழுவத்தில் கண்டோம். பெயின்ட் இல்லை, மாலை இல்லை, கோழி எச்சம் இருந்தது. எஞ்சின் சில்லென்று இருந்தது. அச்சில் ஆட்டமில்லை, எண்ணெய் சுத்தம். சாவியை என் கையில் கொடுத்தார்.

வண்டிக்காரர் தயங்கினார். "வீட்டுக்காரியக் கூப்புடுறேன். மொதச் சாவிய சுமங்கலி போட்டா நல்லது..."

"காடு இவுகளுது. புல்லும் இவுகளுக்குத்தான் பயப்படணும். நீங்க போடுங்க மதினி!"

போட்டேன். ஒரே திருப்பில் கிளம்பியது. புல்வெட்டியை மாட்டித் தொழுவத்துக்குப் பின்னால் இருந்த கோரையில் ஓட்டிப் பார்த்தார். சவரம் செய்ததுபோல் விழுந்தது. அன்றே பேசி முடித்தோம்.

ஆடிக்கு முந்தின நாள் மூத்தவன் வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டுக் காட்டுக்குள் நடந்தான். "இந்தப் புளிய மரம் இம்புட்டுப் பெருசாம்மா?" என்றான். குத்தகைப் பேச்சை எடுக்கவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் காய்ச்சல்காரர் பஸ் ஏறி வருவார். காட்டைச் சுற்றிவிட்டு, "அங்க மேடா வெட்டிருக்கு, இங்க பள்ளமா வெட்டிருக்கு" என்று குறை சொல்லிவிட்டுப் போவார். இந்த வருஷம் முழங்கால் வலி என்று இன்னும் வரவில்லை. காடு முழுக்க வெட்டியாகிவிட்டது. வடக்கு மூலையில் மட்டும் கொஞ்சம் புல்லை விட்டு வைத்திருக்கிறேன். அவர் வந்தால் குறை சொல்ல ஏதாவது வேண்டாமா?

செல்வி, அப்பத்தா சொல்லச் சொல்ல எழுதினது போதும் தாயி. ஒருக்கா வாசி, கேட்போம்.