மதகடிப் பூவம்மாளும் எங்கள் வீட்டுத் தாழ்ப்பாளும்

போன வருஷம், அதாவது எழுபத்தெட்டில், ஐப்பசி மாதம், ஒரு நாவல் எழுதுவது என்று தீர்மானித்தேன். மற்றவர்கள் புகழுக்காக எழுதுகிறார்கள். நான் என் மனைவியை வீட்டோடு இருக்க வைப்பதற்காக எழுதினேன். இலக்கிய உலகில் இது புது முயற்சி என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

என் பெயர் மணவாளன். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பத்திர ஆபீசில் நகல் எழுதுகிறவன். பிள்ளை குட்டி இல்லை. பதினொரு வருஷமாக ஒரே வழக்கம். சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்து கதவை இரண்டு தட்டுத் தட்டுவேன். குரங்குத் தொல்லைக்காகக் கதவு எப்போதும் உள்ளே தாழ் போட்டிருக்கும். தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்கும். என் மனைவி கங்கம்மாள் தண்ணீர்ச் செம்போடு நிற்பாள். ஆபீசில் நாள் பூராவும் யாரும் என்னை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அந்தக் கதவு திறக்கிற நேரத்தில் மட்டும் நான் ஒரு ஆள்.

அந்த நேரத்துக்குத்தான் ஆபத்து வந்தது.

"ஏங்க, பேட்டையில சீசா கம்பெனிக்கு ஆள் எடுக்கிறாங்களாம். பக்கத்து ஊட்டு விக்டோரியா பேர் குட்த்துட்டா. நானும் குட்த்துட்டேன்."

"என்னக் கேக்காமலா?"

"இப்பக் கேக்கறேனே."

"இன்னா வேல?"

"மருந்து சீசாவ வெளக்கு வெளிச்சத்துல வச்சு விரிசல் இருக்குதான்னு பாக்கணுமாம். கண்ணு நல்லா இருந்தா போதுமாம்."

"உனுக்கு நான் இன்னா கொற வச்சேன்?"

"கொற ஒண்ணுமில்ல. பகல் பூரா சொவுத்தப் பாத்துக்கினு இருக்கேன். அந்தக் கண்ணால சீசாவப் பாக்கலாம்ல?"

'நீ போய்விட்டால் எனக்குக் கதவு திறக்க யார்?' என்று கேட்டிருக்கலாம். அதுதான் உண்மை. ஆனால் உண்மையைச் சொல்ல ஒரு ஆண்பிள்ளைக்கு வெட்கமாக இருக்காதா? அதனால் பேயைக் கூப்பிட்டேன்.

எங்கள் ஊருக்கும் பேட்டைக்கும் நடுவே ஏரி. தார் ரோட்டில் சுற்றினால் நாலு மைல். ஏரிக்கரைமேல் நடந்தால் ஒன்றரை. கரையில் பாதி வழியில் மதகு. மதகில் பூவம்மாள். செத்து நூறு வருஷம் ஆகிறது. அந்தி மசங்கினால் தலைவிரி கோலமாக நிற்பாள். போகிறவர்களிடம், 'என் ஊட்டுக் கதவு தெறந்திருக்கா?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்பாள். பதில் சொன்னவனைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போய்விடுவாள். எங்கள் பக்கத்தில் சாதம் தின்னாத குழந்தைகூட அவள் பெயரைச் சொன்னால் இரண்டு வாய் அதிகம் தின்னும்.

கங்கம்மாள் வெளியூர், பொதட்டூர்பேட்டைக்காரி. பேய் காட்டிச் சோறூட்டப் பிள்ளை இல்லாத வீடு, அதனால் இத்தனை வருஷமாகியும் அவளுக்கு இந்தப் பேயைத் தெரியாது. நான் கண்ணை உருட்டிச் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"ஏன் அப்பிடிக் கேக்குறா?"

"பேய்னா கேக்கும்."

"அது எப்பிடி? காரணம் இல்லாம ஒரு பொம்பள ஊட்டுக் கதவப் பத்தி ஏன் கேக்கப்போறா? யாரு அவ? கட்னவன் எங்க? எப்பிடிச் செத்தா?"

"அதெல்லாம் யாருக்குத் தெரியும்?"

"ஒண்ணும் தெரியாம நூறு வருசமா பயந்துக்கினு இருக்கீங்களா? நல்ல ஊருங்க உங்க ஊரு."

கீரைக்காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு உள்ளே போனாள். சரி, காரணம்தானே வேண்டும், கொடுத்துவிடலாம் என்று அன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். பூவம்மாளின் வாழ்க்கையை முதலிலிருந்து எழுதுவது. தினம் ஒரு அத்தியாயம் கங்கம்மாளுக்குப் படித்துக் காட்டுவது. கடைசி அத்தியாயத்தில் அவள் நடுநடுங்கி, 'வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம்' என்று என் காலடியில் உட்கார்ந்துவிட வேண்டும். கம்பெனியில் சேரச் சொல்லியிருந்த திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

பழக்க தோஷம், முதல் அத்தியாயத்தை ஏரியின் நான்கு எல்லைகளோடு ஆரம்பித்தேன். கிழக்கே உப்பளம், மேற்கே புறம்போக்கு. 'மேற்படி மதகில் மேற்படி பூவம்மாள் என்கிற ஸ்திரீ' என்று கங்கம்மாளுக்குப் படித்துக் காட்டினேன்.

"இன்னாங்க இது? பேயா, பட்டாவா?"

மறுநாள் எல்லைகளை அடித்துவிட்டேன். எழுத எழுத வந்தது. பூவம்மாளுக்குப் பதினாறு வயதில் கல்யாணம் செய்து வைத்தேன். சிரித்த முகம் கொடுத்தேன். கிழக்கே உப்பளத்துக்கு வேலைக்கு அனுப்பினேன். உப்பு வாரி வெடித்த கை கொடுத்தேன். புருஷனுக்கு அவள் வேலைக்குப் போவது பிடிக்கவில்லை. ஏனென்றால் அவன் வீட்டுக்கு வரும்போது கதவைத் திறக்க ஆள் இல்லை.

இந்த இடத்தில் கங்கம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவன் பேரு இன்னா?"

"பேரு வைக்கல."

"வேணாம். எனுக்குத் தெரிது."

நான் பக்கத்தைத் திருப்பினேன்.

பகலில் அந்தக் கதை குழாயடிக்குப் போய்விடுகிறது என்று எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. நான் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் படித்தால், காலையில் முதல் குடம் நிரம்புவதற்குள் கங்கம்மாள் அதைச் சொல்லி முடித்திருப்பாள். ஆபீசுக்குப் போகிற என்னை விக்டோரியா வாசலில் மடக்கினாள்.

"இன்னாண்ணா இது? ஒப்பளத்துல கால் வெட்டிக்கினவளுக்கு மருந்துகூட போட மாட்டீங்களா?"

"கதை, விக்டோரியா."

"கதையோ கிதையோ. இன்னிக்குப் போட்ருங்க. முத்தம்மாக்கா தண்ணி புடிக்காம அழுதுக்கினு கீது."

போட்டேன். வேறென்ன செய்ய? மஞ்சள் அரைத்துப் பூவம்மாளின் காலில் நானே பற்றுப் போட்டதுபோல் இருந்தது.

ஒன்பதாம் அத்தியாயம்தான் கடைசி. அதை ஆபீசிலேயே, மதியச் சாப்பாட்டு வேளையில் எழுதினேன். ஐப்பசி அடைமழை. உப்பளம் முழுகிவிட்டது. பூவம்மாள் இடுப்பளவு தண்ணீரில் நடந்து விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்து சேருகிறாள். உள்ளே தாழ் போட்டிருக்கிறது. தட்டுகிறாள். புருஷன் உள்ளேதான் இருக்கிறான். விழித்துக்கொண்டுதான் இருக்கிறான். ஒரு நாள் வெளியே நின்றால் புத்தி வரும் என்று நினைக்கிறான். அவள் கதவில் கை வைத்து, 'நான்தான்' என்கிறாள். அதையே மூன்று தடவை சொல்கிறாள். பிறகு சத்தம் இல்லை. அவன் எழுந்து போய்த் தாழை விலக்கியபோது வாசலில் உப்புச் சாக்கு மட்டும் கிடக்கிறது. மறுநாள் மதகில் அவளை எடுக்கிறார்கள்.

எழுதி முடித்ததும் என்னால் சோற்றைத் தொட முடியவில்லை. ரிஜிஸ்திரார் வந்து, "என்ன மணவாளன், கண்ணில் தூசியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நான் பேயைத்தான் எழுத உட்கார்ந்தேன். அவள் எப்போது பெண்ணாக எழுந்து வந்தாள் என்று எனக்கே தெரியவில்லை.

இருந்தாலும் காரியம் காரியம்தானே. அன்று சாயங்காலம் படித்துக் காட்டினேன். கடைசியில் நீதியையும் சேர்த்துக்கொண்டேன். வெளியே போகிற பெண்ணுக்கு வீட்டுக் கதவு திறக்காது. அந்த ஆங்காரத்தில்தான் பூவம்மாள் வேலைக்குப் போகிற பெண்களாகப் பார்த்து மதகில் மறிக்கிறாள். இப்படி முடித்து நோட்டை மூடினேன்.

கங்கம்மாள் அழவில்லை. எழுந்து போய்க் கதவின் தாழ்ப்பாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். சீசாவில் விரிசல் தேடுகிறவளைப் போல உற்றுப் பார்த்தாள். ஒரு தடவை தாழைப் போட்டாள், ஒரு தடவை விலக்கினாள்.

"பயமா இருக்குதா?" என்று கேட்டேன்.

"ரொம்ப," என்றாள்.

வெற்றி! அடுத்த மூன்று நாளும் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் ஆபீசில் சீட்டியடித்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு முழம் மல்லிகைப் பூ வாங்கிக்கொண்டு வந்து, வழக்கம்போல் கதவில் முதல் தட்டுத் தட்டினேன்.

இரண்டாவது தட்டுக்கு வேலை இல்லாமல் கதவு தானாகத் திறந்துகொண்டது. உள்ளே ஆள் இல்லை. செம்பு கவிழ்ந்திருந்தது. கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஓட்டைகள் மட்டும் இருந்தன.

திருடன் என்று நினைத்தேன். தெருவில் ஓடினேன். கூப்பிடலாம் என்று பார்த்தால் எந்த வீட்டிலும் பெண்கள் இல்லை. விக்டோரியாவின் வீட்டுக்காரர் அருணாச்சலம் மட்டும் வாசற்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் மதகாண்ட போயிருக்காங்க," என்றார். "உங்க கதயால வந்த பேஜாரு, சார்."

மதகுக்கு ஓடினேன். அங்கே முப்பது பெண்களாவது இருப்பார்கள். மதகுக் கல்லுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். புதுச் சேலை சுற்றியிருந்தார்கள். பூச்சுற்றிய குடம். வாழையிலையில் சோறு, கருவாட்டுக் குழம்பு, ஒரு சீப்பு, வளையல். விக்டோரியா ஓரமாக ஒரு மெழுகுவத்தி ஏற்றி வைத்துவிட்டு, "நா கும்புட வர்லண்ணா, அவளப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்," என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கங்கம்மாளின் பிறந்த வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் முதல் படையல் பூவாடைக்காரிக்குத்தான். பூவும் பொட்டுமாக அகாலத்தில் செத்துப்போன அந்த வீட்டுப் பெண்ணுக்குச் சேலையும் பூவும் வைத்துக் கூப்பிட்டுக் கும்பிடுவார்கள். அவர்களுக்கு அப்படிச் செத்தவள் பேய் இல்லை, வீட்டுக்கு மூத்தவள். என் கல்யாணத்துக்கே வைத்தார்கள். நானே விழுந்து கும்பிட்டேன். பேய்க்குப் பெயரும் முகமும் பசியும் கொடுத்து ஒன்பது அத்தியாயம் எழுதியவன் இதை மறந்துபோனேன்.

கல்லில் சுற்றியிருந்த சேலையின் முந்தானையில் ஏதோ முடிந்திருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். எங்கள் வீட்டுத் தாழ்ப்பாள். திருகாணிகள் நாலும்கூட இருந்தன.

"இத்த ஏன் கழட்டிக்கினு வந்தே?" என்றேன்.

கங்கம்மாள் என் கையிலிருந்த பூவை வாங்கிக் கல்லுக்குச் சார்த்தினாள்.

"நூறு வருசமா ஒரே ஒரு கேள்விதான் கேக்குறா. என் ஊட்டுக் கதவு தெறந்திருக்கான்னு. ஒருத்தராவது நின்னு பதில் சொன்னாங்களா? எல்லாரும் ஓடுனீங்க. நாங்க சொல்லிட்டோம். தெறந்துதான் இருக்குது, வா, சாப்புடுன்னு."

"பதில் சொன்னா இழுத்துக்கினு போய்டுவா."

"போனாளா? குந்திக்கினுதான இருக்கா?"

முத்தம்மாக்கா மூக்கைச் சிந்தினாள். நானும் குனிந்து கும்பிட்டேன். இது நடிப்பில்லை. 'தாயே, கதவைச் சாத்தினது உன் புருஷன் இல்லை, நான்தான்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். நிமிர்ந்தபோது கங்கம்மாள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணுக்கு எந்த விரிசலும் தப்பாது.

"திங்கக்கெழம வேலைக்குச் சேரணும்," என்றாள். "பதினாலு பேரு ஒண்ணா இந்தக் கரமேல போறோம். தொணைக்கு இவ இருக்கா."

பயமுறுத்த வைத்த பேய் வழித்துணைக்குப் போய்விட்டது.

மறுநாளே கடையில் புதுத் தாழ்ப்பாள் ஒன்று வாங்கினேன். ஆள் இல்லாத நேரத்தில் திருப்புளியை எடுத்துக்கொண்டு கதவுக்கு எதிரே உட்கார்ந்தேன். முதல் திருகாணியை ஓட்டையில் வைத்தேன். 'நான்தான்' என்று அவள் மூன்று தடவை சொன்னது காதில் கேட்டது. அதை எழுதிய கை இது. திருப்புளியைத் திருப்ப மாட்டேன் என்றது. தாழ்ப்பாளை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அது இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

இப்போது நான் ஐந்தரைக்கு வந்து பூட்டைத் திறந்து, விளக்கேற்றி, உலை வைக்கிறேன். ஆறரைக்குத் தெருமுனையில் பதினாலு பேரின் பேச்சு கேட்கும். சிரிப்புக் கேட்கும். ஒரு குரல் மட்டும் தனியாக வாசலுக்கு வந்து, "என் ஊட்டுக் கதவு தெறந்திருக்கா?" என்று கேட்கும். "தெறந்திருக்கு, வா," என்று செம்போடு போய் நிற்பேன். உண்மையைச் சொன்னால், அந்த நேரம் ஒன்றும் மோசமில்லை.

ஆனால் பகலில் வெளியே பூட்டலாம். ராத்திரி என்ன செய்வது? ஊரில் திருட்டுப் பயம் இருக்கிறதே. அதனால் கதவுக்குக் குறுக்கே பாயைப் போட்டு, முதுகைக் கதவில் கொடுத்துப் படுத்துக்கொள்கிறேன். காலையில் வேலைக்குப் போகிற கங்கம்மாள் என்னைப் பாயோடு சேர்த்து ஓரமாக இழுத்து விட்டுவிட்டுக் கதவைத் திறக்கிறாள். பதில் சொல்கிறவனை இழுத்துக்கொண்டு போவாள் என்று சொன்னவன் நான்தானே.

போன வாரம் விக்டோரியா அவளைக் கூப்பிட வந்தவள், கதவில் இருந்த நாலு ஓட்டைகளைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, இன்னுமா புதுத் தாப்பா போடாம இருக்கீங்க?"

"போட்டு மாசம் மூணாவுது," என்றாள் கங்கம்மாள், செருப்பை மாட்டிக்கொண்டே. "இருட்டினா தானா போய்க் கதவாண்ட படுத்துக்குது."