கருவாயன் கவ்விய எலி

"துப்புடா, கருவாயா" என்று வரப்பில் ஓடினார் மோகனசுந்தரம். நாய் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கவ்வியிருந்த வயலெலியை நல்ல பிள்ளையாக வாய்க்காலில் போட்டது.

முந்தின வாரம்தான் ஒரு டாக்டர் பேசியதை அவர் செல்போனில் கேட்டிருந்தார். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் பட்டால் போதும். நாய்க்குக் காய்ச்சல் வரும், சாப்பிடாது, கல்லீரலும் கிட்னியும் போய்விடும். குழந்தை இல்லாத அந்த வீட்டில் கருவாயன்தான் பிள்ளை.

எலி அங்கேயே கிடந்தால் நாய் மறுபடி போய்க் கவ்வும். வெடித்த குதிகாலோடு வாய்க்காலில் இறங்கி, சேற்றைத் துழாவி எடுத்துப் புதைத்தார். மோட்டார் ரூமில் கிடந்த சோப்பைக் கொண்டுவந்து, அதே வாய்க்கால் தண்ணீரில் நாயின் வாயைக் கழுவினார். கருவாயன் அவர் முழங்கையைப் பிறாண்டிவிட்டு, வாயெல்லாம் நுரையோடு ஊருக்குள் ஓடியது.

பக்கத்துத் தோட்டத்துப் பூபதிராஜா அதைப் பார்த்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் மோகனசுந்தரத்தின் நாய்க்கு வெறி பிடித்த செய்தி எருத்தேன்பதி முழுக்கப் பரவியது. பால் எடுக்க வருகிறவர் ரோட்டிலேயே நின்று ஹாரன் அடித்தார். வேறு வழியில்லாமல் மோகனசுந்தரம் நாயைச் சங்கிலியில் கட்டினார். பிறந்ததிலிருந்து சங்கிலி அறியாத கருவாயன், வைத்த சோற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"சோறு திங்கமாட்டீங்குது புள்ள. அந்த டாக்டர் சொன்னாப்பலயே ஆகுது" என்றார் மனைவி யோகப்பிரியாவிடம்.

"கட்டிப்போட்டா எந்த நாயிங்க திங்கும்? அவுத்து உடுங்க."

அவர் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு நாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அவர் கண் அசந்த நேரமெல்லாம் யோகப்பிரியா நாயைப் பின்பக்கம் கூட்டிப்போய் வயிறு முட்டச் சோறு போட்டாள். பிறகு அவர் எழுந்து ஊட்டினால் கருவாயன் வாயையே திறப்பதில்லை. அதைப் பார்த்து அவருக்கும் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரமும் இப்படியே போனது. மோகனசுந்தரத்துக்குக் கெண்டைக்கால் கடுத்தபோது, நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்ததால் என்றார். கண் சிவந்தபோது, தூக்கம் கெட்டதால் என்றார். உடம்பு நடுங்கியபோது, எல்லாம் பயம்தான் என்றார். யோகப்பிரியாவும் நம்பிவிட்டாள்.

கடைசியில் ஆட்டோ பிடித்து, சித்தூர் மிருகாஸ்பத்திரிக்கு நாயைத் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டர் ஜீவிதா கருவாயனின் கண்ணையும் ஈறையும் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், சூடு பார்த்தார். நாய்க்கு ஒரு கோளாறும் இல்லை, கொஞ்சம் எடைதான் கூடியிருக்கிறது என்றார். யோகப்பிரியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மோகனசுந்தரத்துக்கு மனசு ஆறவில்லை. பட்டினி கிடக்கிற நாய் எப்படி எடை கூடும்? ரத்தம் எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தார். டாக்டர் சலித்துக்கொண்டே ஊசியை எடுத்தார். மோகனசுந்தரம் நாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நாயின் காலைத் தேடிய டாக்டரின் விரல்கள் மோகனசுந்தரத்தின் மணிக்கட்டில் பட்டு, அங்கேயே நின்றன. ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவர் கண்களை உற்றுப் பார்த்தார்.

"நாய அக்காகிட்டக் குடுத்துப்போட்டு நீங்க மொதல்ல மனுச ஆஸ்பத்திரிக்குப் போங்க, எலிக்காச்சல் உங்களுக்குத்தான் வந்தாப்பல இருக்குது."