நாற்பது நாள் மாத்திரைப் பரீட்சை

முருகன் துணை

அன்புள்ள தம்பி சிவசங்கருக்கு, அக்கா நீலாவதி எழுதிக்கொள்வது. மலையில் நிற்கிறவன் புண்ணியத்தில் நானும் உன் மாமாவும் நலம். நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, உன் மாமா விஷயத்தில் அது உண்மையா என்று கண்ணமங்கலத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் நீதான் சொல்ல வேண்டும். போனில் கேட்டால் அவர் காதில் விழும். அதனால் பஸ் கண்டக்டர் லட்சுமணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஆடியில் டாக்டர் அவருக்குப் பிரஷர் மாத்திரை எழுதிக்கொடுத்தாரே, அதைக் கேட்டதும் ஷோபனா சென்னையிலிருந்து ஒரு டப்பா அனுப்பினாள். 'ஒமேகா த்ரீ', இதயத்துக்கு நல்லதாம். மகள் அனுப்பினால் மகன் சும்மா இருப்பானா? பாலமுருகன் ஓசூரிலிருந்து 'கோக்யூ டென்' அனுப்பினான். வயசானாலும் இதயம் தளராதாம். அப்புறம் தினமும் இரண்டு பேரும் போன், "யாருது நல்லா வேலை செய்யுதும்மா?" என்று. எட்டாவதோடு நின்றவள்தான் நான், ஆனாலும் பசு கன்று போட்ட தேதி வரை எழுதி வைப்பவள் ஆயிற்றே, நோட்டைத் திறந்து நானே பரீட்சை வைத்துவிட்டேன். ஒவ்வொன்றும் இருபது நாள். நம் முருகன் கோயிலுக்கு நூற்றெட்டுப் படி. என் முழங்கால் ஏறாது. அதனால் நான் அடியில் உட்கார்ந்து, அவர் எத்தனையாவது படியில் மூச்சு வாங்க நிற்கிறார் என்று எண்ணி எழுதுவது. மருந்தும் பிரசாதமாக இறங்கட்டும் என்று மாத்திரையைத் திருநீற்றோடு பொட்டலம் கட்டிக் கொடுத்து, மேலே சன்னதியில் தீர்த்தத்தோடு போடச் சொன்னேன். "இன்னாடி இது, காவடிக்குப் பதிலா மாத்திரையா?" என்று கேட்டுக்கொண்டேதான் ஏறினார்.

ஷோபனா மாத்திரையில் முப்பத்திரண்டாம் படி எழுபதானது. பெருமையாக அவளிடம் சொன்னேன். "அது மீன் எண்ணெம்மா, தெரியும்ல?" என்றாள். தம்பி, கிருத்திகை அன்று முட்டை வைத்த பையைக்கூட வாசல் தாண்ட விடாதவள் நான். ஒரு கிருத்திகை, மூன்று வெள்ளிக்கிழமை, முருகன் சன்னதிக்கே மீன் அனுப்பியிருக்கிறேன்! டப்பாவில் மீன் படமும் இருந்தது. நிமிர்ந்து நின்றதால் வேல் என்று நினைத்துத் தினமும் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அடிவாரத்திலேயே பதினோரு நெய்விளக்கு போட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு மகன் மாத்திரைக்கு மாறினேன். அதில் எழுபது நூற்றெட்டானது, நிற்காமலே ஏறிவிட்டார்.

பையன் ஜெயித்தான் என்று எழுதப் போனேன், கை வரவில்லை. மூன்றாவது மருந்து சேர்ந்தால் பரீட்சை கெட்டுவிடும் என்று டாக்டர் மாத்திரையைச் சாமை டிரம்முக்குள் ஒளித்தவள் நான். "தீந்துபோச்சுங்க, அடுத்த வாரம் வாங்கிக்கலாம்" என்று அவரிடம் பொய் வேறு. நாற்பது நாள்! நேற்றுத்தான் கேள்விப்பட்டேன், பக்கத்துத் தெரு திரௌபதி வீட்டுக்காரர் பிரஷர் மாத்திரையை நிறுத்தி ஒரு பக்கம் கை கால் வராமல் கிடக்கிறாராம். அப்போதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நோட்டை நிரப்ப அவர் உயிரை வைத்து விளையாடிவிட்டேனே? நாளைக்கே அங்கே கூட்டி வரட்டுமா? லட்சுமணன் திரும்பும்போது பதில் கொடு. என்னைத் திட்டி எழுது, பரவாயில்லை.

நீயும் பிரியதர்ஷினியும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல், முக்கியமாக என்னைப் போல அதிக அறிவு இல்லாமல், நீடூழி வாழ வேண்டும்.

உன் அக்கா,
நீலாவதி

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது, வீடு வீடாகப் பிரஷர் மாத்திரை கொடுக்கும் புவனா வந்து அவருக்குப் பிரஷர் பார்த்தாள். "நல்லாக் கீதுக்கா. மாத்திரைய வுடாம போட்றாரு, தெனம் படியும் ஏர்றாரு, அதான்" என்றாள். நான் டிரம்மைத் திரும்பிப் பார்த்தேன். உன் மாமா சிரிக்கிறார். "நீ டிரம்முல ஒளிச்சத நான் பாக்கலன்னு நெனச்சியா? இவகிட்ட நெலத்துலயே வாங்கிக்கினேன். சொன்னா உன் நோட்டு வீணாப்பூடும்னு வுட்டுட்டேன்." அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன். பிறகு கேட்டேன், "அப்போ புள்ளைங்க அனுப்புன மாத்திரைங்க?" "சன்னதியில நின்னு மீன் படம் போட்டத முழுங்கச் சொல்றியா? நாப்பதையும் உண்டியல்ல போட்டுட்டேன்."

வருகிற கிருத்திகைக்கு உண்டியலை அடிவாரத்துக்கு இறக்கித் திறக்கிறார்கள். கணக்கில் கெட்டிக்காரி என்று எண்ணுவதற்கு என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். ரூபாய் நோட்டில் மீன் எண்ணெய் நாற்றம் போக உன் கடையில் ஏதாவது இருந்தால் லட்சுமணனிடம் கொடுத்தனுப்பு.