‘வந்துரும்’ அண்ணனின் முப்பது பெட்டிகள்

கொடுத்த வாக்கை ஒருமுறையேனும் உரிய நாளில் நிறைவேற்றாமலும், அதற்காக ஒருவருடைய அன்பைக்கூட இழக்காமலும் வாழும் மனிதர், நான் அறிந்த மட்டில், இலங்கையின் மலைநாட்டில் ஒருவரே. பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் எவருக்கும் தெரியாது. ஹட்டனிலிருந்து அக்கரப்பத்தனை வரை அவர் ‘வந்துரும்’ அண்ணன். எதைப் பற்றி எவர் கேட்டாலும் அவர் தரும் விடை அந்த ஒரு சொல்தான்.

தேயிலைத் தோட்ட அலுவலகங்களின் தட்டச்சுப் பொறிகளைப் பழுதுபார்ப்பது அவர் தொழில். புத்தாயிரம் பிறந்து, அலுவலகங்கள் கணினிக்கு மாறியபோது மற்றவராயின் தலையில் கைவைத்திருப்பர். அண்ணனோ, “பட்டன் இருக்கிறது எல்லாமே நம்ம சொந்தக்காரங்கதாங்க” என்று சொல்லிவிட்டுத் தாமும் மாறிக்கொண்டார்.

அக்கால விசைப்பலகைகளில் ஆங்கிலம் மட்டுமே இருந்தது. தமிழுக்கு எழுத்து அச்சிட்ட ஒட்டுத்தாள்களை வாங்கி விசைகளின் மேல் ஒட்ட வேண்டும். எங்கள் பனிக்கு அவை ஒரு மாதம் தாங்கமாட்டா. பூண்டுலோயா அச்சகக்காரர் சட்டைக் கையில் ‘க’ ஒட்டியிருப்பது தெரியாமல் ஒரு கல்யாண வீட்டில் பந்தி முடியும்வரை உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் அண்ணனுக்கு அந்த யோசனை பிறந்தது. எழுத்து பொறித்த விசைகளையே வார்த்துவிட்டால் என்ன? கொழும்பில் சட்டைப் பொத்தான் வார்க்கும் சிறு பட்டறை ஒன்று இணங்கியது. நிபந்தனை ஒன்றே: முப்பது தொகுதிகளுக்குக் குறைந்தால் அச்சு வெட்டமாட்டார்கள். அண்ணன் பேருந்திலும் கால்நடையாகவும் அலைந்து முப்பது பேரைத் திரட்டினார். பள்ளிக்கூடங்கள், ஒரு கோயில், அச்சகம், தோட்டத்துக் கிளாக்கர்மார், வட்டகொடையில் நாங்கள்.

“மூணே மாசம். வந்துரும்ங்க சார்.”

நாங்கள் என்றால், யாழ்ப்பாணத்திலிருந்து மலைநாட்டுக்கு வந்து பள்ளி அதிபராக ஓய்வுபெற்ற நானும், முப்பதாண்டு தமிழ் கற்பித்த என் மனைவியும். பக்கவாதம் அவருடைய வலக்கையைக் கொண்டுபோயிருந்தது. இலண்டனில் இருக்கும் மகளுக்கு வாரந்தோறும் எழுதிய கை அது. நீர் சொல்லும், நான் எழுதுகிறேன் என்றேன்.

“உங்களிட்டைச் சொன்னால் பிள்ளைக்குக் கடிதமோ போகும்? அறிக்கைதான் போகும். திருத்தியும் போடுவியள். நானே எழுதுறன்.”

கணினியில் எழுத இடக்கையில் ஒரு விரல் போதும். ஆனால் அந்த விரல் தேடும் எழுத்து விசையின்மேல் நிலைத்திருக்க வேண்டும். ஆகவே முப்பது பேரிலும் மிகுந்த அவசரம் எங்களுக்குத்தான் இருந்தது.

மூன்று மாதம் கடந்தது. தாமதமானால் கடிதம் எழுதுவோர் உண்டு, ஒளிந்துகொள்வோர் உண்டு. அண்ணன் இரண்டும் செய்யவில்லை. முப்பது வாசல்களுக்கும் நேரில் போய், குடையை மடக்கிக்கொண்டு நின்று, “திட்டு வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேங்க” என்பார். திட்டி முடித்தவர்கள் தேநீர் கொடுப்பார்கள். வாங்கிக் குடிக்கக் கூசி, அந்த வீட்டில் பழுதாய்க் கிடக்கும் எதையாவது எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். மண்ணெண்ணெய் அடுப்பு, குடைக்கம்பி, வானொலி எதுவானாலும் அவர் கண்டறியும் நோய் ஒன்றே: “ஈரம்ங்க.”

ஆறாம் மாதம் முதல் மாதிரி வந்தது. பட்டறைத் தொழிலாளிக்குத் தமிழ் தெரியாது. பாதி எழுத்துகள் தலைகீழாக நின்றன. பத்தாம் மாதம் இரண்டாவது மாதிரி. எழுத்துகள் நிமிர்ந்திருந்தன, ஆனால் ஆண்டாண்டுப் பழக்கத்தில், ஒவ்வொரு விசையின் நடுவிலும் நூல் கோப்பதற்கு நான்கு துளைகள் போட்டிருந்தார்கள். அதையும் அண்ணன் மறைக்கவில்லை. முப்பது இடங்களுக்கும் கொண்டுபோய்க் காட்டினார்.

“யோவ், இதக் கம்ப்யூட்டர்ல மாட்டவா, கோட்டுல தைக்கவா?” என்றாராம் அச்சகக்காரர்.

“தைக்காதீங்க. நல்லது வந்துரும்ங்க.”

அவர் வரும் சனிக்கிழமைகளில் எங்கள் சுவர்க்கடிகாரம் தவறாமல் நின்றுபோயிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை காரணத்தைக் கண்டேன். கடிகாரத்தை மேசைமேல் கவிழ்த்துவைத்து, வெண்ணெய்க் கத்தியின் நுனியால், இடக்கையால், என் மனைவி அதன் திருகாணியைத் தளர்த்திக்கொண்டிருந்தார்.

“என்ன செய்யிறீர்?”

“பாவம், அந்தாள் வெறும் திட்டோடை போகக்கூடாது. ஒரு வேலை குடுத்தால்தான் தேத்தண்ணியைக் கூச்சமில்லாமல் குடிக்குது.”

ஓராண்டு கடந்தபின் மூன்றாவது மாதிரி வந்தது. குறையே இல்லை. அண்ணன் அதை எங்கள் வீட்டில் ஒவ்வொன்றாக விசைப்பலகையில் பொருத்தினார். மனைவி ஒரு விரலால் மகளின் பெயரை எழுதினார். கால் மணி நேரம் ஆயிற்று. அண்ணன் அசையாமல் நின்று பார்த்திருந்தார். பிறகு திருப்புளியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“இது உங்க செட்டுங்க டீச்சரம்மா. மத்தவங்களுக்குப் பின்னால வந்துரும். சார், வெளிய சொல்லிராதீங்க, கண்ணு வச்சிருவாங்க.”

மற்றவர்களுக்கு வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், ஐந்து மாதம். பொறுமை இழந்தவர்கள் ஹட்டனில் ஒரு தேநீர்க்கடையின் மாடியில் கூடி அண்ணனை விசாரிக்க அழைத்தார்கள். நானும் போனேன். எங்கள் தொகுதி கிடைத்துவிட்டதைச் சொல்லவில்லை. ஆனால் முன்னாள் அதிபரிடம் இரண்டு வார்த்தை பேசும்படி கேட்டால் அவர் இருபது நிமிடம் பேசுவார். வாக்குத் தவறாமை பற்றி முன்னுரையும் முடிவுரையும் வைத்துப் பேசினேன். கைதட்டினார்கள். அண்ணன் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

“கொழும்புல அச்சுல ஈரம் புடிச்சிருச்சுங்க.”

“கொழும்புல ஈரமா? அங்க வேர்வைதான்யா இருக்கு!” என்றார் அச்சகக்காரர். மாடி அதிர்ந்தது. நானும் சிரித்தேன்.

மாசி மாதத்தில் என் மனைவி காலமானார். அதுவரை ஒரு வாரமும் தவறாமல் மகளுக்கு எழுதினார். அந்தக் கடிதங்களில் ஓர் எழுத்தையும் நான் திருத்தவில்லை.

முப்பத்தோராம் நாள் சடங்கு கழிந்த மறுவாரம் பெட்டிகள் வந்துசேர்ந்தன. அவற்றோடு பட்டறைக்காரர் சிங்களத்தில் எழுதிய கடிதம் ஒன்றும் இருந்தது. படித்துச் சொல்லும்படி அண்ணன் என்னிடம் நீட்டினார். இதற்குமுன் ஒருவரிடமும் அதைக் காட்டவில்லை என்பது, படித்தபோது புரிந்தது. தாமதத்துக்குத் தாம் பொறுப்பல்லர் என்று பட்டறைக்காரர் எழுதியிருந்தார். சரிபார்த்த மாதிரியைத் திருப்பி அனுப்பினால்தான் அதை வைத்து அச்சு வெட்ட முடியும். பலமுறை கேட்டும் அது வரவில்லை. ஆகவே எல்லா எழுத்துகளையும் முதலிலிருந்து வெட்ட நேர்ந்தது.

கடிதத்தை மடித்தேன்.

“அந்தக் கூட்டத்தில் நீங்கள் இதைச் சொல்லியிருக்கலாமே?”

“டீச்சரம்மா ஒத்த வெரல்ல மகளுக்கு எழுதிக்கிட்டிருந்தாங்க சார். அதப் போயிக் கழட்டவா முடியும்? சொன்னா, அவங்களே கழட்டிக் குடுத்திருப்பாங்க.”

உண்மைதான். குடுத்திருப்பார்.

முப்பதாவது பெட்டி எங்களுடையது. அதை நான் இன்னும் பிரிக்கவில்லை. இதை அந்தப் பழைய மாதிரியில்தான் எழுதுகிறேன்; அதில் சில எழுத்துகள் ஓர் ஓரமாகத் தேய்ந்திருக்கின்றன.

இப்போது எவருக்கும் எதுவும் தர வேண்டியதில்லையாதலால், அண்ணனுக்கு எங்கள் வாசலுக்கு வரக் காரணமும் இல்லை. எனவே வெள்ளிக்கிழமை மாலைகளில் கடிகாரத்தை மேசைமேல் கவிழ்த்துவைத்து, வெண்ணெய்க் கத்தியை எடுக்கிறேன். என் கைக்கு அந்த வேலை அவ்வளவு நேர்த்தியாக வரவில்லை. திருகாணியின் தலையைச் சுரண்டிவிடுகிறேன். மறுநாள் அவர் கடிகாரத்தைத் திருப்பி, அந்தக் கீறல்களை நெடுநேரம் பார்க்கிறார்.

“ஈரம்ங்க சார்.”

“ஓம், இந்த வருசம் ஈரம் கூடத்தான்,” என்று சொல்லி, தேநீர் ஊற்ற எழுகிறேன்.

அடுத்த சனிக்கிழமையும் வருவாரா என்று நான் கேட்பதில்லை.