சருகு சித்தப்பா பூங்கா தேர்ந்த படலம்

வாழ்க! மாடிப்படிகளின் அடியிருளில் குனிந்து, கைவிளக்கின் ஒளியில், சுழலும் எண்களை இருபதாண்டாய்ப் பிழையறப் படித்த பெருமகன் வாழ்க! ஊரின் நாய்கள் அனைத்தையும் குரலால் அறிந்தவன், அவற்றுள் ஒன்றனிடமும் நின்று பேசாதவன், முன்கணக்கை நடப்புக்கணக்கிலிருந்து கழித்துப் பாராமல் தன் வயதைக்கூட நம்பாத கூர்மதியோன், நான்கு பைகொண்ட காக்கிச்சட்டையோன், ஒரு மனையாளின் கணவன், ஒரு மகளின் தந்தை, ஒரு சகலையின் சகலை, வீட்டுக்கு வீடு மின்சார மீட்டர் பார்த்துக் கணக்கெடுக்கும் அவ்வீரன் வாழ்க! பூக்காலத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமையில், பதினொரு பேரையும் ஒரு வேனையும் நடத்திச் சென்று, பொதுப் பூங்கா ஒன்றை அவன் வென்ற வரலாற்றைச் சொல்லப் புகுகிறேன். சொற்களின் தாயே, என் நாவில் வந்து அமர்வாயாக. அவசரமில்லை, கதை கொஞ்சம் நீளம்.

இவ்வீரனுக்கு ஒரு பழி இருந்தது. சென்ற ஆண்டு இதே பருவக் கடைசியில், எவரோ சொன்னதை நம்பி, தன் கண்ணால் பாராமல், குடும்பத்தார் அனைவரையும் ஒரு மலர்ப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றுவிட்டான். அங்கே மலர் இருந்திருக்கும், இரண்டு வாரத்துக்கு முன்னால். அவர்கள் கண்டதோ கணுக்கால் மூழ்கும் சருகும், வற்றிய நீரூற்றும், "பூக்களைப் பறிக்காதீர்" என்ற பலகையும்தான். அப்பலகையருகே வாய் பிளந்து நின்றவனை, மருந்துக்கடையின் மன்னவன், மாத்திரை அட்டையை ஒரே வெட்டில் இரண்டாக்கும் கத்தரிக்கோற் கையன், மனையாளின் அக்காளை மணந்த மாற்றான், சகலை என்னும் பெயரோன், கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்தான். எடுத்ததோடு விட்டானா? குடும்பத்தின் கைப்பேசிக் குழுவுக்கு அட்மின் அவனே. அன்று மாலையே அப்படம் குழுவின் முகப்பில் ஏறியது. ஏறியது ஏறியதுதான். யாருக்குப் பிறந்தநாள் என்றாலும், மாமனாரின் மூட்டுவலி எந்தக் காலுக்கு மாறியது என்ற செய்தி வந்தாலும், மேலே அந்தச் சிறு வட்டத்துக்குள் நம் தலைவன் வாய் பிளந்தபடி ஓராண்டு நின்றான். சகலையின் பிள்ளைகள் அவனுக்குச் "சருகு சித்தப்பா" என்று பட்டம் சூட்டினார்கள். அதையாவது பிள்ளை விளையாட்டு என்று தள்ளலாம். ஒருநாள் மாமியாரே வாய்தவறி, "சருகு மாப்பிள்ளைக்கு டீ குடும்மா" என்றுவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கும் அளவுக்கு அது புதிதாக இல்லை என்பதுதான் அவனை அறுத்தது.

ஆண்டு உருண்டது. இவ்வாண்டின் உலாவைப் பற்றி முடிவெடுக்க மாமனார் வீட்டுக் கூடத்தில் அவை கூடியது. சகலை எழுந்தான். எழுந்து அறிவித்தான்:

"இந்த வருஷம் பேசாம ஒரு மால்ல போய் ஏசில உக்காருவோம். அங்க சருகு கொட்டாது."

கூடம் குலுங்கியது. அக்குலுக்கம் அடங்குமுன், நம் தலைவன் டீக் கோப்பையைத் தரையில் வைத்தான். வைத்த ஓசை சமையலறை வரை கேட்டது. கேட்டு வெளியே வந்த மனையாளின் கண்ணெதிரே, அவன் சூளுரைத்தான்:

"பூங்காதான் போறோம். இந்தத் தடவை நானே நேர்ல போய்ப் பாத்து, எண்ணிட்டு வந்து சொல்றேன். பூ இல்லன்னா அந்தப் படம் ஆயுசுக்கும் அப்படியே இருக்கட்டும்!"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்றான் சகலை, வாய் கொள்ளாத மகிழ்ச்சியோடு.

"பூ இருந்துச்சுன்னா?" என்று கேட்டார் மாமனார். நடுவர் என்றால் இரு பக்கமும் கேட்க வேண்டும் அல்லவா?

"இருந்தா படத்தை மாத்திடறேன் மாமா."

"சரி. பெஞ்சு இருக்கான்னும் பாத்துக்குங்க சின்ன மாப்பிள்ளை. என்னால நிக்க முடியாது."

இவ்வாறு போர் மூண்டது. மனையாள் மட்டும் அன்றிரவு தலைவனிடம், "ஏங்க, வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டீங்களே, தேவையா?" என்று கேட்டாள். தேவைதான் என்று அவன் சொன்னான். வேறு என்ன சொல்வான்? வட்டத்துக்குள் வாய் பிளந்து நிற்பவன் அவன்தானே.

சனிக்கிழமை விடிந்தது. முன்கணக்கு, நடப்புக்கணக்கு, குறிப்பு எனப் பத்திகள் பகுத்த குறிப்பேட்டைச் சட்டைப்பையில் செருகி, ஒற்றனும் தானே சேனையும் தானே ஆகி அவன் புறப்பட்டான். முதலில் முட்கோட்டையாகிய ரோஜாப் பூங்காவை அடைந்தான். ஆயிரத்துக்கு மேற்பட்ட செடிகள், ஒவ்வொன்றின் காலிலும் பெயர் பொறித்த தகடு, தகட்டுக்கு மேலே குச்சி. மலர்ந்தவை மொத்தம் பதினான்கு. அவன் தும்மினான், பதின்மூன்று. அடுத்து ஏரிப் பூங்காவைக் கண்டான். பூக்காலம் முடிகிறது, இனி யார் வரப்போகிறார்கள் என்று ஏரியைத் தூர்வார வடித்துவிட்டிருந்தார்கள். படகுகள் கவிழ்ந்து கிடந்தன. இரண்டு வாத்துகள் சேற்றின் நடுவே, முகவரி மாறி வந்துவிட்ட விருந்தாளிகளைப் போல நின்றன. பெஞ்சுகளுக்குக் குறைவில்லை, எல்லாவற்றிலும் பெயிண்ட் ஈரம். "மூட்டுவலிக்கு ஆகாது" என்று குறிப்புப் பத்தியில் எழுதிவிட்டு, நெஞ்சில் பாதி நம்பிக்கையும் முழுக் கலக்கமுமாக மூன்றாவதை நோக்கி நடந்தான்.

அது ரயில் பாதையோரத்துச் சிறு பூங்கா. பெயர்பெற்ற பூங்காக்களின் பட்டியலில் அதைச் சேர்க்க யாருக்கும் தோன்றியதில்லை. ஆனால் அதன் மதிலோரத்தில், ஆகா, எங்ஙனம் சொல்வேன், செந்நிற டேலியாவும் மஞ்சள் சாமந்தியும் தோளோடு தோள் நெருங்கி, பருவம் முடிந்த செய்தியே தங்கள் காதுக்கு எட்டாததுபோல், ஒரே பாத்தியில் கொழித்து நின்றன! தலைவன் விரலால் ஒவ்வொன்றாய்த் தொட்டு எண்ணினான். இருநூற்றுப் பன்னிரண்டு. மறுபடி எண்ணினான். இருநூற்றுப் பன்னிரண்டு. பெஞ்சு ஐந்து, பெயிண்ட் காய்ந்தவை. அவனுக்கு அங்கேயே ஒரு கூத்து ஆடத் தோன்றியது.

ரப்பர் பூட்ஸ் அணிந்து, மண்வெட்டியைத் தோளில் சாய்த்திருந்த தோட்டக்கார அம்மாள் இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கும் இவ்வளவும் இருக்குமாம்மா?"

"காலைல இருக்கும் சார். ஆனா சார்..."

கேட்போரே, இங்கே சற்று நில்லுங்கள். வீரர்களை வீழ்த்துவது பகைவர் அல்லர், பழக்கம். இருபதாண்டாக இம்மனிதன் மீட்டரைப் படித்துத் திரும்பும் ஒவ்வொரு வாசலிலும் இரண்டு சொற்கள் அவனைப் பின்தொடர்ந்திருக்கின்றன. "ஆனா சார், நாங்க ஒரு மாசமா வீட்டுலயே இல்லையே!" "ஆனா சார், ரெண்டு பல்புக்கு இவ்வளவு யூனிட்டா?" "ஆனா சார், பக்கத்து வீட்டுக்காரன் வயர் இழுத்திருப்பானோ?" நின்று பதில் சொன்னால் பொழுது போய்விடும் என்று பணியில் சேர்ந்த முதல் மாதமே கற்றவன் அவன். ஆகவே அவ்விரு சொற்கள் காதில் விழுந்த மாத்திரத்தில், மனத்தைக் கேளாமலே கால்கள் கிளம்பின. அம்மாள் அடுத்த சொல்லை எடுக்குமுன் வாயிற்கதவைத் தாண்டி, அதில் தொங்கிய அறிவிப்பையும் தாண்டி, பேருந்தையே பிடித்துவிட்டான்.

அன்று மாலை குழுவில் அவன் முழக்கம் எழுந்தது: "212 பூ. 5 பெஞ்சு. ரயில் பாதைப் பூங்கா. காலை பத்து மணிக்கு வேன்." சகலை பதிலுக்கு ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பினான்.

பத்து மணிக்கு வேன் வந்தது. வேன் மட்டுந்தான் வந்தது. பதினொரு பேருக்குக் குளியலறை ஒன்று என்பதும், மாமியாரின் மூக்குக்கண்ணாடி மாமியாரின் தலைமேலேயே இருந்ததும், "ஒரே ஒரு நிமிஷம், கடைல ஒருத்தர் நிக்கிறார்" என்று போன சகலை ஒன்றரை மணிநேரம் இருமல் மருந்து விற்றதும் தனிக் காவியமாகப் பாடத்தக்கவை. அவர்கள் பூங்கா வாயிலை அடைந்தபோது மணி மூன்றேகால்.

அங்கே தலைவன் ஒரு காட்சியைக் கண்டான். வாயிலிலிருந்து மக்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் செடி. செடியில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூ. பூவுக்குக் கீழே வேர். வேரிலிருந்து மண் உதிர்ந்துகொண்டிருந்தது. வாயிற்கதவில் தொங்கிய அறிவிப்பை நேற்றுப் படித்திருக்க வேண்டியவன், இன்று படித்தான்: பருவ நிறைவை ஒட்டி, ஞாயிறு பகல் இரண்டு மணிமுதல், செடிகளைப் பொதுமக்கள் தாங்களே தோண்டி இலவசமாக எடுத்துச் செல்லலாம்.

"நேத்தே சொல்ல வந்தேன் சார்," என்றாள் தோட்டக்கார அம்மாள். "நீங்கதான் கடன்காரனைக் கண்டமாதிரி ஓடிட்டீங்க."

பாத்தியின் முக்கால் பங்கு வெறும் குழி. சகலையின் பிள்ளைகள் "சரு..." என்று தொடங்கினார்கள். சகலையின் கை கால்சட்டைப் பைக்குள் மெல்ல இறங்கி, உறையிலிருந்து வாளென, கைப்பேசியோடு மேலே வந்தது. தலைவன் வாய் பிளக்கக்கூடாது என்று பல்லைக் கடித்து நின்றான். இன்னும் ஓராண்டு. இல்லை, ஆயுசுக்கும் என்று அவனே சொல்லிவிட்டானே! யாராவது தன்னை அடித்துவிட்டால்கூடத் தேவலை என்று இருந்தது.

அப்போது ஒரு குரல் வானைப் பிளந்தது. அது சகலையின் இல்லாள், மனையாளின் அக்காள்.

"ஏங்க, அந்த ஃபோனை உள்ள வச்சிட்டு வாங்க! அந்தக் கோடியில சிவப்பு இன்னும் இருக்கு, போயிடப் போகுது!"

சொன்னவள் செருப்பை உதறிப் பாய்ந்தாள். தங்கை பின்தொடர்ந்தாள். பின்னர் அந்தச் சிறு பூங்காவில் நிகழ்ந்ததை எந்நாவால் உரைப்பேன்! பிள்ளைகள் கையால் பறித்தார்கள். மாமியார் டிபன் பையிலிருந்து கரண்டியை உருவினார். மாமனார் ஐந்து பெஞ்சுகளில் நடுவணதைக் கைப்பற்றி, "இடது பக்கம்! ஐயோ, உங்க இடது இல்ல, என் இடது!" என்று சேனையை நடத்தினார். தலைவனோ காக்கிச்சட்டையின் மூன்றாம் பையிலிருந்து, மீட்டர் பெட்டிகள் பல திறந்த ஸ்க்ரூடிரைவரை ஏந்தி, மதில் மூலையில் பதினேழு பூக்களோடு தனித்தோங்கி நின்ற டேலியாவின் அடியில் மண்டியிட்டான்.

அதே செடியின் மறுபுறம் ஒரு தொப்பிக்காரர் மண்டியிட்டார். சொந்தமாகத் தோட்ட முள்கரண்டியும் கையுறையும் சாக்குப்பையும் கொண்டுவந்திருந்தார். ஆண்டுதோறும் வருபவர் என்பது பார்த்தாலே தெரிந்தது. அவர் இழுத்தார். இவனும் இழுத்தான். செடி விரல்விரலாக அவர் பக்கம் நகர்ந்தது.

தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். சகலைக்கும் சகலைக்கும் ஏது தசை உறவு? பெண் எடுத்த வீடு ஒன்று, அவ்வளவுதான். ஆயினும் யாரோ ஒரு தொப்பிக்காரர் தன் வீட்டுச் சகலையை இழுத்துக்கொண்டு போவதைக் காண மருந்துக்கடை மன்னவனுக்குப் பொறுக்கவில்லை. தானே அவனை மட்டந்தட்டலாம், ஊரான் தட்டலாமா? கைப்பேசியைத் தலைவனின் மகளிடம் எறிந்துவிட்டு ஓடிவந்து, தலைவனின் இடுப்பைக் கட்டிப்பிடித்தான்.

"விட்டுடாதீங்க சகலை!"

"நீங்க விட்டுடாதீங்க சகலை!"

மண் அதிர்ந்தது. கிழங்குக் கொத்தோடு செடி கடைவாய்ப்பல்லைப்போலப் பெயர்ந்து வர, வீரர் இருவரும் ஒருவர்மேல் ஒருவராக அந்நாள்வரை நீர்பாய்ந்த பாத்தியின் சேற்றில் மல்லாந்து விழுந்தார்கள். தொப்பிக்காரர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "தண்ணி அளவா ஊத்துங்க, கிழங்கு அழுகிடும்," என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர்.

கையில் கைப்பேசி இருக்கிறதே என்று மகள் அதைப் படம் எடுத்திருந்தாள். சேற்றில் இரு ஆண்கள், இருவர் வாயும் பிளந்திருக்க, நடுவில் கொடிபோல நிமிர்ந்து பதினேழு சிவப்புப் பூக்கள்.

"இதுல நான் நல்லாவே இல்ல," என்றான் சகலை, மீசைச் சேற்றைத் துடைத்தபடி.

"பூ இருந்துச்சா, இல்லையா?" என்று பெஞ்சிலிருந்து தீர்ப்புரைத்தார் மாமனார். 

"...இருந்துச்சு மாமா."

"அப்ப மாத்துங்க பெரிய மாப்பிள்ளை."

சேறுபடிந்த கட்டைவிரலைக் கைப்பேசி ஏற்க மறுத்தது. அவன் அதைச் சட்டையில் துடைத்தான், மறுபடி மறுத்தது. இல்லாளின் புடவைத் தலைப்பில் துடைத்து, வாங்கிக்கட்டிக்கொண்டு, மூன்றாம் முறை அழுத்தினான். வட்டம் மாறியது. தலைவன் அதைப் பார்த்தான். அழுகை வந்தது. செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டான்.

இங்ஙனம், முன்கணக்கில் பழியும் நடப்புக்கணக்கில் புகழும் எய்தி, முப்பத்தாறு சாமந்திகளும் பதினொரு டேலியாக்களும் வேரும் மண்ணும் மண்புழுவுமாக முன்னிருக்கை முதல் பின்னிருக்கை வரை அரியணை ஏற, மாமியார் மடியில் இரண்டும் மாமனார் காலடியில் நான்கும் காவல் நிற்க, பிள்ளைகள் இலைகளுக்கிடையே தலைநீட்டி வாழ்த்தொலி எழுப்ப, வெற்றித்தேர் வாயிலைக் கடந்தது. வேனில் இடம் இல்லாததால் சகலைகள் இருவரும் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார்கள்.