கூழ்ப்பானைக்குள் அழுத பிள்ளை

குருநகர்,
ஆனி 1992.

பாசமுள்ள மருமகன் செல்வரட்ணத்துக்கு மாமன் சிமியோன் எழுதிக்கொள்வது. எங்கள் கோயில் யாகப்பர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். உம்முடைய மாமி மட்டும் என்னோடு கதைப்பதில்லை, மற்றும்படி அவவும் சுகம். ஜேர்மனியில் நீரும் மகள் பெர்னடெட்டும் பிறந்த பிள்ளையும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறோம்.

பேரனா பேத்தியா என்று சொல்லாமல் 'பிள்ளை' என்று பொதுவாக எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. கடிதம் எழுதப் பஞ்சிப்பட்டு நீங்கள் கசெற்றில் கதைத்து அனுப்பினீர்கள். மேலட்டையில் 'பெயர் நீங்கள்தான் வைக்கவேணும், ஞானஸ்நானம் காத்திருக்கு' என்று மட்டும் எழுதியிருந்தது. இங்கே மின்சாரம் இல்லை, கசெற் பெட்டியைச் சைக்கிள் டைனமோவில்தான் ஓட்டவேண்டும், அதன் ஸ்பீக்கரையும் எலி தின்றுவிட்டது. பரவாயில்லை, பரணில் பழைய பாட்டுப்பெட்டி கிடந்தது. ஸ்பீக்கர் விசயம் எனக்கு அத்துப்படி. பெட்டிக்குள் மூன்று பேர் இருப்பார்கள். பெரியவர் வூபர், மேளமும் இடியும் அவர் பொறுப்பு. சின்னவர் ருவீற்றர், ஜால்ராவும் விசிலும் அவருக்கு. மனிசர் கதைப்பதை விளங்கச் சொல்வது நடுவில் இருப்பவர். அந்த நடு ஆள்தான் செத்துப்போயிருந்தார்.

பெரியவரைக் கழற்றிக் கசெற் பெட்டியோடு கொழுவி, பானை வாயில் கவிழ்த்து வைத்தால்தான் சத்தம் கும்மென்று வரும். வீட்டில் மாமிக்கு அடுத்தபடி பெரிய வாய் அவவின் கூழ்ப்பானைக்குத்தான். அதை எடுத்து வைத்தேன். மாமியின் தம்பி இன்னாசித்தம்பி சைக்கிளைக் கவிழ்த்துவிட்டுப் பெடலைச் சுற்றினார். கதைப்பது நீரா மகளா என்றே தெரியவில்லை, ஆயரின் பிரசங்கம்போல "பிள்ளை... பெ..." என்று வந்து மிச்சமெல்லாம் ஒரே கும்மல். பேரனென்றால் பெடியன், பேத்தியென்றால் பெட்டை, இரண்டுக்கும் 'பெ'தான், நான் என்ன செய்ய? பிறகு பிள்ளை அழுதது. என்ன தொண்டை!

"ஆம்பிளைப் பிள்ளையடி! என்ரை அப்பு நீக்கிலாப்பிள்ளை வந்து பிறந்திட்டார்!" என்றேன்.

"கூழ்ப்பானைக்குள்ளை விட்டால் பூனையும் ஆம்பிளையாத்தான் கத்தும். மற்றதைக் கொழுவுங்கோ," என்றா மாமி.

ருவீற்றரைக் கொழுவினோம். 'ஸ்... ட்...' என்று ஏதோ வந்து, பிறகு கீச்சென்று ஓர் அழுகை. மாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

"கேட்டியளே, பெட்டைப் பிள்ளை! என்ரை அம்மா லூர்த்தம்மாவின்ரை குரல் அப்பிடியே!"

இரண்டையும் சேர்த்துக் கொழுவலாமா என்று கேட்டேன். "இனியும் சுத்தினால் நான் செத்துப்போவன் அத்தான்," என்று இன்னாசித்தம்பி முற்றத்தில் படுத்துவிட்டார்.

ஆகவே குடும்பத் தலைவன் என்ற முறையில் முடிவாக எழுதுகிறேன். வூபர் பெரியது, அது சொன்னதுதான் சரி. பேரன்தான். பெயர் நீக்கிலாப்பிள்ளை. மாமி ஒத்துக்கொள்ளவில்லை, பேத்திக்கென்று கவுன் தைக்கிறா. எதுவானாலும் பிள்ளை அழுத சத்தம் கேட்டோம் தம்பி, எனக்கு அது போதும். சந்தோசத்தில் நானும் அழுதேன்.

உங்கள் மூவருக்கும் மாதா துணை நிற்பாராக.

இப்படிக்கு,
மாமன் ம. சிமியோன்.

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரம் இன்னாசித்தம்பி எங்கேயோ அலைந்து ஒரு நடு ஸ்பீக்கர் கொண்டுவந்தார். மகள் பக்கத்தில் நின்று கதைப்பதுபோல வந்தது: "அப்பா, அம்மா, ரெண்டு பிள்ளையள். பெடியனும் பெட்டையும். பெயருக்குச் சண்டை பிடிக்காதேங்கோ." முடிவு என்று எழுதிய பகுதியை வெட்டிவிடவும். 'மூவருக்கும்' என்பதை 'நால்வருக்கும்' என்று வாசிக்கவும். மாமி இரண்டாவது கவுன் வெட்டத் தொடங்கிவிட்டா. பெடியனுக்கும் கவுன்தானாம்.